காதிரைச்சலும் கடலோசையும்

தமிழாசிரியன் ஒருவன் விழா மலருக்கு எழுதப் புகுந்தால் இலக்கணமோ இலக்கியமோ எழுதுவான் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். யான் இம்முறை காதிரைச்சலைப் பற்றி எழுத முனைந்தமைக்குக் காரணம், அஃது என்னை என் தொழிலிலிருந்தே பெயர்த்துவிடப் பார்த்தமையாகும். நம் பழைய மாணவருள் இயந்திர அறையிலும் அச்சகத்திலும் தவிலின் பக்கத்திலும் ஆண்டுக்கணக்காக இருந்தோர் பலர். இன்றைய மாணவரோ காதுக்குள் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டே திரிகின்றனர். இரு சாராருக்கும் இது பயன்படக்கூடும்.

புறத்தே ஒலி எதுவும் இல்லாதபோது இரைதல், கூவுதல், சில்வண்டு கத்துதல் போன்ற ஓசை கேட்டலே காதிரைச்சல் எனப்படும். தொல்காப்பியர் உரியியலில், அரவப் பொருள் தரும் சொற்களாகக் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கினைக் கூறி, அவற்றுள் அழுங்கல் இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும் என்கிறார். (சும்மை என்றால் சும்மா இருத்தல் என்று விடை எழுதிய மாணவரும் எனக்குண்டு.) இந்நோய்க்கு அழுங்கல் என்றே பெயரிடலாம் போலும். ஓசையும் அதுவே, ஒரு கேட்டின் அடையாளமும் அதுவே.

அக்கேடு யாதெனில், உட்செவியில் நத்தையோடு போன்ற உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. பேரோசையால் இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. செவியிலிருந்து வரும் செய்தி குறையவே, மூளை அதனைத் தேடித் தன் கேள்திறனைக் கூட்டிக்கொள்கின்றது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். தொலைவிலுள்ள நிலையத்தைப் பிடிக்க வானொலித் திருகை முறுக்கினால் கரகரப்பும் சேர்ந்து உயர்வதைப் போன்றது இது. இவ்வாறு கூடிய கேள்திறனாற் சாதாரண ஓசையும் பொறுக்கவொண்ணாததாகிவிடுவதுண்டு. பற்கூச்சம் என்பது போல இதனை ஒலிக்கூச்சம் என்க.

எனக்கு இது வந்த கதை சிறிது. சில ஆண்டுகட்கு முன் ஒரு மணவீட்டில் என் காலடியிலே சீனவெடிக் கட்டொன்று வெடித்தது. அன்றிரவே இரு காதிலும் ஊசிமுனை போன்ற கீச்சொலி. விடியும்போது நின்றுவிடும் என்றிருந்தேன், நிற்கவில்லை. செவியைச் சோதித்த வைத்தியர், உயர்ந்த சுருதிகளைக் கேட்டலிற் சிறிது குறைவு உண்டு, அஞ்சத்தக்க வேறு நோயில்லை என்றார். அமைதியைத் தேடி ஓட வேண்டா என்றும் சொன்னார். அதனை மட்டும் யான் கேட்கவில்லை.

பஞ்சை உருட்டிக் காதை அடைத்தேன். பின்னறையில் கதவைச் சாத்திப் படுத்தேன். சில கிழமைகளில், தேங்காய் துருவும் ஓசையும், மாணவர் வாங்கை இழுக்கும் ஓசையும் உடலைக் குலுக்கத் தொடங்கின. இயந்திரப் படகுக்கு அஞ்சிக் குறிகட்டுவானுக்குக் கடப்பதை விட்டேன். நயினாதீவிலே பிறந்தும் நாகபூசணி அம்மன் கோவில் மணி கேட்கும் நேரத்தில் வீட்டினுள் ஒளிந்தேன். வகுப்பிற் கூட்டு வாசிப்பையும் நிறுத்தினேன். ஒருநாள் ஏழாந் தரத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, “சேர், இண்டைக்கும் மனதுக்குள்ளைதான் படிக்கிறதோ?” என்றான். செய்யுளை வாய்விட்டுப் படிக்கத் தெரியாத வகுப்பொன்றை யான் உண்டாக்கிக்கொண்டிருந்தமை அப்போதுதான் விளங்கிற்று.

அமைதி ஏன் உதவுவதில்லை என்பதற்குச் சான்றுகள் உள. 1953 இல் ஹெல்லர், பேர்க்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், செவிக்குறை இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் இருத்தினர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் வீதமானோர் ஏதோவோர் இரைச்சலைக் கேட்டதாகக் கூறினர். 2003 இல் வெளியான வேறோர் ஆய்வில், இரு வாரம் காதடைப்பான் அணிந்தோர்க்குப் பழைய ஓசையே முன்னினும் உரத்துத் தோன்றிற்று. அக்காலம் முழுதும் மெல்லிய இரைச்சலைக் கேட்டிருந்தோர் முன்னினும் அதிகம் பொறுத்தனர். என் பஞ்சு செய்த வேலை இதுதான்.

1990 இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாவ் என்னும் அறிஞர், இரைச்சலைத் துன்பமாக்குவது காதன்று, அதனை ஆபத்தென்று கருதும் மூளையே எனக் காட்டி, அதனை மறுபடி பழக்கும் முறையொன்றை வகுத்தார். இம்முறையில் துணையொலி இரைச்சலை மூழ்கடித்தல் ஆகாது. சற்றே தாழ்ந்திருத்தல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே கேட்டாலன்றி மூளை ஒன்றைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளாது.

எங்கள் தீவில் அதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. விடியற்காலையிற் பஞ்சின்றிக் கரையிலிருந்து பத்து நிமிடம் கடலைக் கேட்டேன். இரவில் யன்னலைத் திறந்துவிட்டேன். சோளகக் காற்றிற் பனையோலை சலசலப்பது போதுமாயிருந்தது. கடலில்லா ஊரில் மின்விசிறியோ, மெல்ல வைத்த வானொலியோ ஆகும். அடுத்துத் தேங்காய் துருவல். முதலில் முற்றத்தில் நின்றேன். பின் குசினி வாசலில். ஒரு மாதத்தின்பின் துருவலையை யானே எடுத்தேன். தன் கையால் எழும் ஓசை அவ்வளவு உறுத்தவில்லை. (தேங்காய் துருவத் தெரிந்துகொண்டதை இல்லாள் இன்னும் மறக்க விடவில்லை.) பின்னர்த் துறையிலே நின்று படகு வந்து போவதைக் கேட்டேன்; அதன்பின் இயந்திரத்துக்கு எட்டிய இடத்தில் இருந்து கடந்தேன்.

மூன்றாம் மாதம் அவசரப்பட்டு ஒலிபெருக்கி முழங்கிய மண்டபமொன்றினுட் போய், நான்கு நாள் இரைச்சல் மிகுந்து வருந்தினேன். அப்போது ஒருபடி மட்டுமே இறங்கினேன், தொடக்கத்துக்குப் போகவில்லை. இப்பயிற்சிக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை செல்லும் என்பர். எனக்கும் அவ்வளவு சென்றது.

பழகுதல் என்றதும் எல்லா ஓசையையும் தாங்கலாம் என்று கொள்ளற்க. 85 டெசிபெல் ஒலியில் நாளுக்கு எட்டு மணி நேரமே எல்லை; ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரந்தான். தவில், வெடி, இயந்திர அறை ஆகியவற்றின் அருகே காதடைப்பான் வேண்டும். வீட்டிலும் வகுப்பிலும் அது வேண்டா. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு இசைந்த இரைச்சல், திடீரெனச் செவி மந்தமாதல், தலைசுற்றல் ஆகியன இருப்பின் பயிற்சியைப் பேசிக்கொண்டிராது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு விரைக. திடீர்ச் செவிட்டுக்கு முதற் சில நாட்களிலேயே மருந்து தொடங்குதல் நன்று. போர்க்காலக் குண்டோசையில் வளர்ந்த என் வயதினருட் சிலருக்கு வெடியொலி கேட்டதும் நெஞ்சு படபடக்கும். அங்கே கூசுவது செவி மட்டுமன்று. உளவளத் துணையையும் நாடுதல் நன்று.

என் கீச்சொலி இன்னும் உண்டு. இதனை எழுதும்போது அதனை நினைத்தேன், கேட்கின்றது. பல நாட்களில் மாலை வரை நினைப்பதில்லை. ஏழாந் தரத்திற் கூட்டு வாசிப்பு செவ்வாயும் வியாழனும் நடைபெறுகின்றது. கடந்த ஆனித் திருவிழாவிற் கோவிலுக்குப் போனேன்; மணிக்கு நேர்கீழே நிற்காமல் தெற்கு வீதியில் நின்றேன்.