உப்பைக் குறைச்சா பிரஷர் குறையுமா? இந்துப்பு நல்லதா?

விரத நாளில் இந்துப்பு சேர்த்துச் சமைக்கிற வீடுகள் நிறைய. அதனாலேயே, "இந்துப்பு போட்டா பிரஷர் ஏறாது" என்று ஒரு நம்பிக்கையும் இருக்கு. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். எங்க அப்பா தினமும் பிரஷர் மாத்திரை சாப்பிடுறார். அவருக்காகத் தேடிப் படிச்சதை எளிமையா சொல்றேன்.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

உப்பில் இருக்கிற சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடியம் கூடினால் ரத்தத்தின் அளவும் கூடும். அதே குழாய்ல அதிகத் தண்ணி ஓடினா அழுத்தம் ஏறும்தானே? மிச்ச சோடியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். வயசாக ஆக அந்த வேலை மந்தமாகும், ரத்தக்குழாயும் விறைப்பாகும். அதனால்தான் நாம சாப்பிடுற அதே குழம்பு பெரியவங்களை அதிகம் பாதிக்குது. பல பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எவ்வளவு உப்பு போதும்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

பாக்கெட்டில் சோடியம் அளவு மட்டும் போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்குங்க. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு பாக்கெட்டிலேயே நாள் கோட்டாவில் 40 சதவீதம் போயிடும்!

குறைச்சா நிஜமாவே பலன் உண்டா?

சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லாரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பிரஷர் உள்ள 60 வயது தாண்டியவர்கள். பாதி கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதியில் 75 சதவீதம் சாதா உப்பும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சுமார் 5 வருஷம் கவனித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: கலப்பு உப்பு சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மரணம் 12 சதவீதம் குறைவு. மாறினது சமையல்கட்டு உப்பு மட்டும்தான்.

அப்போ இந்துப்பு?

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறம் வேற, ஊர் வேற, பிரஷருக்கு வேலை ஒண்ணுதான். விரதத்துக்கு இந்துப்பு வழக்கம் என்றால் தாராளமா சேர்க்கலாம். அளவை மட்டும் குறைங்க.

இன்னிக்கே செய்யக்கூடியது

1. சாப்பாட்டு இடத்திலிருந்து உப்பு ஜாடியை எடுத்துடுங்க.
2. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. சில வாரத்தில் நாக்கு பழகிடும். எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி ருசியைத் தாங்கும்.
3. ஊறுகாய், அப்பளம் தினசரி வேண்டாம்.

முக்கியம்: பொட்டாசியம் கலந்த உப்பு, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீங்க. உப்பைக் குறைச்சாச்சு என்று மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது.

வீட்டில் சமைக்கிறவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. பெரியவங்களுக்கு இந்த வாரமே ஒரு தடவை பிரஷர் பார்த்துடுங்க.