நாயின் இருமலும் நான்காம் அடுக்கும்

ராயபுரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் வந்தார். "சார், எங்கள் வீட்டு நாய் இரண்டு மாதமாக இருமுகிறது. வாத்து கத்துவது போல் சத்தம் வருகிறது. எலும்பு சிக்கியிருக்கும் என்று பாட்டி வாழைப்பழம் கொடுக்கிறார்கள். அப்பா துறைமுகத் தூசி என்கிறார். நான் என்ன செய்வது?" என்றார். நாய் ஒன்பது வயதான வெள்ளைப் பொமரேனியன். பெயர் மணி. எடை 8 கிலோ. அந்த உடலுக்கு அது சற்று அதிகம்தான்.

இதை இயற்பியல் ஆசிரியரிடமா கேட்பது என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோது, கேள்வி பாதிக்குமேல் எங்கள் பாடத்தைச் சேர்ந்ததே என்று புரிந்தது.

உங்கள் தொண்டையின் முன்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குரல்வளைக்குக் கீழே சிறு வளையங்கள் தட்டுப்படும். இவை மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்கள். ஆனால் இவை முழு வட்டங்கள் அல்ல. குதிரை லாடம் போலப் பின்புறம் திறந்தவை. அந்தத் திறப்பை மெல்லிய தசைச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. நாய்க்கும் இதே அமைப்புத்தான். பொமரேனியன், பக், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிறிய இன நாய்களில் சிலவற்றுக்கு இந்தக் குருத்தெலும்பு நாளடைவில் விறைப்பை இழந்துவிடுகிறது. லாடம் அகன்று தட்டையாகிறது. சவ்வு தொய்ந்து குழலுக்குள் இறங்குகிறது. இதையே மூச்சுக்குழல் சரிவு என்கிறார்கள்.

வளையம் இளகினால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். காகித உறிஞ்சுகுழல் ஒன்றைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு அதைக் கெட்டியான லஸ்ஸியில் இட்டு வேகமாக உறிஞ்சுங்கள். குழலின் நடுப்பகுதி அமுங்கி ஒட்டிக்கொள்ளும். அதை அமுக்கியது உங்கள் உதடு அல்ல, வெளியே இருக்கும் வளிமண்டலம். உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியழுத்தம் குறைவதில்லை, சுவர் வலுவற்றதாக இருந்தால் தோற்றுப்போகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்புக்கு விரல் தடிமனுள்ள ரப்பர்க் குழாயை மாட்டுவதும் இதற்காகவே. சாதாரணக் குழாயை மாட்டிவிட்டு, பம்பு கெட்டுவிட்டது என்று புகார் சொல்லும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

நாய் மூச்சை உள்ளிழுக்கும்போது கழுத்திலுள்ள குழல்பகுதி இப்படித்தான் அமுங்குகிறது. மார்புக் கூட்டுக்குள் இருக்கும் பகுதியிலோ கதை தலைகீழ். மூச்சை வெளிவிடும்போது, அதிலும் இருமும்போது, மார்புக்குள் அழுத்தம் மிகுந்து குழலை வெளியிலிருந்து நெருக்குகிறது. குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் மேலும் குறைகிறது. பெர்னௌலி தத்துவத்தில் படித்திருப்பீர்கள். தொய்ந்த சவ்வு படபடவென அதிர்கிறது. நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் தனியே எடுத்து ஊதினால் வரும் கரகரப்பான ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்துச் சத்தத்துக்குக் காரணம் எலும்பும் அல்ல, சளியும் அல்ல, இந்தச் சவ்வுதான். இதில் ஒரு கெட்ட சுழற்சியும் இருக்கிறது. இருமல் குழலின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. புண்பட்ட சுவர் மறுபடியும் இருமலைத் தூண்டுகிறது.

சரி, குழல் கொஞ்சம் குறுகினால் அவ்வளவு மோசமா? பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840-களில் மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுவதை அளந்தார். இரத்த ஓட்டத்தில் அவருக்கிருந்த ஆர்வமே அதற்குக் காரணம். ஓட்டத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று அவர் கண்டார். சிறிய நாயின் மூச்சுக்குழல் விட்டத்தை 10 மி.மீ. என்று கொள்வோம். வட்டமாகவே சுருங்கி 8 மி.மீ. ஆனால், அதே அழுத்த வேறுபாட்டில் செல்லும் காற்று 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது முன்பிருந்ததில் 41 விழுக்காடுதான். விட்டம் பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. இது சீரான ஓட்டத்துக்கான கணக்கு. விரைவாக மூச்சு வாங்கும்போது ஓட்டம் சுழற்சியாகிவிடும். நிலைமை இதைவிட மோசமாகும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, நோய் 'திடீரென்று' முற்றுவது போலத் தோன்றுவதற்கு இந்த நான்காம் அடுக்கே காரணம்.

அடுத்து, கழுத்துப்பட்டை. ஒன்றரை செ.மீ. அகலப் பட்டை தொண்டையின் முன்புறத்தில் 6 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்க. பரப்பு 9 சதுர செ.மீ. தெருவில் பூனையைக் கண்டு மணி 2 கிலோ எடை அளவுக்கு இழுத்தால், சதுர செ.மீ.க்குச் சுமார் 220 கிராம் எடை. இது 220 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். அமைதியாக மூச்சு விடும்போது மார்புக்குள் ஏற்படும் அழுத்த மாற்றம் சில செ.மீ. நீர் மட்டுமே! அரை செ.மீ. கயிற்றைக் கட்டினால் நீர்த்தம்பம் ஆறரை மீட்டரையும் தாண்டும். ஹார்னஸ் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் மார்புப் பட்டையோ அதே விசையை 40 சதுர செ.மீ.க்குமேல் பரப்பி, விலா எலும்புகள்மேல் இறக்குகிறது; தொண்டையின்மேல் சுமையே இல்லை. மாணவரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

இனி அப்பா சொன்ன தூசிக்கு வருவோம். அவர் சொன்னதை ஒதுக்க முடியாது. ராயபுரம் மக்கள் பல ஆண்டுகள் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியோடு வாழ்ந்தவர்கள். உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2011-இல் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் வட சென்னை, வல்லூர் நிலையங்கள் இயங்குகின்றன. கண்டெய்னர் லாரிகளின் புகைக்கும் குறைவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

10 மைக்ரோமீட்டர் நிலக்கரித் துகள் ஒன்று அசையாத காற்றில் விநாடிக்குச் சுமார் அரை செ.மீ. வேகத்தில் இறங்கும். ஸ்டோக் விதிப்படி வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதைவிடப் பருத்த துகள்கள் விரைவில் தரையை அடைந்துவிடும். லாரிச் சக்கரம் அவற்றை மறுபடி கிளப்பிவிடும். நம் மூக்கு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணியின் மூக்கோ ஒரு சாண் உயரத்தில். சாலையோரத்தில் நாம் இருவரும் சுவாசிப்பது ஒரே காற்று அல்ல.

ஆனாலும் தூசி வளையத்தை இளக்கவில்லை. இளகிய குழலை உறுத்துகிறது. இந்த வேறுபாடு முக்கியம். அனல் மின் நிலையத்தை மாணவர் இன்று மாற்ற முடியாது. ஆனால் அவர் வீட்டில் இரவெல்லாம் எரியும் கொசுவர்த்தியும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் நாய் படுக்கும் அறையில்தான் புகைந்துகொண்டிருந்தன. விசாரித்தபோதுதான் தெரிந்தது.

வெயிலும் ஒரு காரணம். நாய்க்கு வியர்வை மிகக் குறைவு; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, நீரை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கிறது. நிமிடத்துக்கு 300 முறைக்குமேல்கூட இரைக்கும். அதன் மார்புக்கூட்டின் இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி இரைப்பதால் ஆற்றல் வீணாவதில்லை. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவது போல. நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் ஆவியாதல் மந்தம். மேலும் இரைக்க வேண்டும். குறுகிய குழலோ தடுக்கிறது. ஆகவே மே மாதத்தில் மணியை வெளியே அழைத்துச்செல்ல விடியற்காலையே சரி.

இவ்வளவு சொன்னபிறகும், இருமலைக் கேட்டே நோயை முடிவுசெய்துவிடக் கூடாது. வயதான சிறிய நாய்களுக்கு இதயத்தின் ஈரிதழ் வால்வு கசிவது மிகச் சாதாரணம். கசிவினால் இடது மேலறை பருத்து மூச்சுக்கிளைக் குழலை அழுத்தும்போதும் இருமல் வரும். நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. பல நாய்கள் கூடும் இடத்துக்குப் போய்வந்தபின் தொற்றும் இருமல் வேறு வகை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இங்கே மாணவர் செய்யக்கூடிய ஓர் அளவீடு உண்டு; கைக்கடிகாரம் போதும். நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் மார்பு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். விழித்திருக்கும்போதோ இரைக்கும்போதோ எண்ணினால் பயனில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். பொதுவாக 30-க்குக் கீழே இருக்கும். பல முறை எண்ணியும் 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஈறு நீலம் பாய்ந்தாலோ, நாய் மயங்கி விழுந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது. உடனே புறப்பட வேண்டும்.

நமக்கு வாங்கிய இருமல் சிரப்பை நாய்க்கு ஊற்றுவது பெருந்தவறு. சில சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பாராசிட்டமாலும் விஷமாகலாம். பாட்டியின் வாழைப்பழம் விஷமல்ல. ஆனால் எடை கூடும். மூச்சுக்குழல் சரிவுக்கு எடைக் குறைப்பு மருந்துக்குச் சமம்.

1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது, ராயபுரத்துக்குத் தொலைவில்லை. மாணவர் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனார். பத்து நாள் எண்ணிக்கையும் 18-க்கும் 24-க்கும் இடையில் இருந்தது. மூச்சை இழுக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரே படம் எடுத்திருந்தால், குழல் அமுங்காத கணத்தில் சிக்கி 'நலம்' என்று காட்டியிருக்கக்கூடும். கழுத்துப் பகுதியில் குழல் தட்டையாகியிருந்தது, இதயம் பருக்கவில்லை. மருந்தினால் அடங்காத நாய்களுக்கு நிக்கல்-டைட்டானியம் கம்பி வலைக் குழலை உள்ளே வைத்து விரிப்பதுண்டு. மணிக்கு அது தேவைப்படவில்லை. இருமலடக்கும் மருந்து, மார்புப் பட்டை, அரைவயிற்றுச் சோறு, கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை, இவ்வளவே.

மணியின் எடை இப்போது ஆறரை கிலோ. இருமல் முற்றிலும் நிற்கவில்லை. இளகிய வளையம் பழையபடி விறைக்காது. கேஸ் சிலிண்டர்க்காரர் வரும் நாளில் மட்டும் குரைத்துக் குரைத்து, இரண்டு நிமிடம் வாத்தாகிவிடுகிறதாம்.