மீட்டர் மூடியில் கீறலா?

காரின் ஸ்பீடோமீட்டரை மூடியிருக்கும் ‘கண்ணாடி’ பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். தூசியோடு காய்ந்த துணியைப் போட்டுத் துடைத்தாலே கீறல் விழுந்துவிடும். வெயில் நேராக அடிக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

கீறலின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டாவிட்டால் வேலை சுலபம். ஈரத்துணியால் தூசியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பாலிஷை மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, அழுத்தாமல் தேயுங்கள். பாலிஷ் இல்லையென்றால் வெள்ளைப் பற்பசை. ஜெல் வகையில் அவ்வளவு பலன் இருக்காது.

நகம் தட்டினால் வாட்டர் பேப்பர் வேண்டும். முதலில் 1500 எண் தாள், பிறகு 2000, கடைசியாக 3000. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தாளை நனைத்தே தேய்க்க வேண்டும். தாளை மாற்றும்போது தேய்க்கும் திசையையும் மாற்றினால், பழைய கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். மூடி முழுக்கப் புகை படிந்ததுபோல் மங்கும். பயப்படாதீர்கள், பாலிஷ் போட்டதும் தெளியும். மூடியைக் கழற்றிச் செய்வது நல்லது, தண்ணீர் மீட்டருக்குள் இறங்காது. ஆனால் முள்ளில் கை படக்கூடாது. டிரில்லில் பஃப் மாட்டித் தேய்க்கும் அவசரமும் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கிளீனர் எதுவும் கூடாது. அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடும், அதற்கு மருந்தில்லை.

சில மூடிகளில் வெளிச்சம் எதிரொளிக்காதபடி மெல்லிய பூச்சு இருக்கும். தேய்த்தால் அது போய்விடும். அவற்றுக்குப் புது மூடிதான் வழி.