ஒரு நேரத்தில் ஒரு படி

திருப்பதி அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலை வரை செல்லும் நடைபாதையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். படிகள் சுமார் 3,550. அதில் ஏறுவோரிடையே இரண்டு வகையினரைக் காணலாம். ஒருவர் மீதிப் படிகளைக் கணக்கிட்டபடி ஏறுகிறார். உடல் படியில் இருக்கிறது; மனமோ வீட்டுக் கடனுக்கும் தரிசன வரிசைக்கும் இடையே அலைகிறது. மற்றொருவர் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இடுகிறார். அவருக்கு எப்போதும் ஒரே ஒரு படிதான் எதிரே இருக்கிறது.

உடல் உழைப்பு இரண்டாமவருக்கே அதிகம். ஆயினும் முதலாமவரே விரைவில் சலித்துப் போகிறார். காரணம், அவர் இன்னும் வராத படிகளையும் மனத்தால் சுமக்கிறார்.

இப்போது செய்வதை இப்போதே அறிந்திருக்கும் இந்நிலையைப் பௌத்தர்கள் பாலி மொழியில் ‘ஸதி’ என்றனர். நடத்தல், நிற்றல், அமர்தல், படுத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும் அதைப் பயிலலாம் என்பது அவர்களது மரபு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின், நாள்பட்ட வலியால் வாடுவோருக்காக இதை ஒரு பயிற்சியாக வகுத்தார். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் அரிது என்று முறையிடும் அர்ஜுனனுக்குக் கண்ணன் காட்டும் வழிகள் அப்பியாசமும் வைராக்கியமும் ஆகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பழகப் பழக எதுவும் இயந்திரத்தனமாகி விடாதா? கை குங்குமம் இட, வாய் ஊர்க்கதை பேசுவதும் உண்டல்லவா? 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி இக்கேள்வியை வன்மையாக எழுப்பினார். விழிப்புணர்வை ஒரு முறையாக்கிப் பயின்றால் மனம் மழுங்கும் என்பது அவர் கருத்து. மதனப்பள்ளிக்கு அருகே அவர் நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியில் மாணவர்கள் மாலையில் ஒன்றாக அமர்ந்து, சூரியன் மலைகளுக்குப் பின் மறைவதை மௌனமாகப் பார்ப்பது வழக்கம். ‘அஸ்தாசல்’ என்பது அதன் பெயர். அங்கே ஜபிக்க மந்திரம் இல்லை, எண்ண எண்ணிக்கையும் இல்லை. பார்ப்பது மட்டுமே உண்டு.

அவரது எச்சரிக்கை கருதத்தக்கது. ஆனால் அப்பியாசம் என்பது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது அன்று. அலைந்த மனம் அலைந்ததை அறிந்து திரும்பி வருவதே அப்பியாசம். அறிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் புதியதே. எனவே மனம் நூறு முறை ஓடியதே என்று சாதகன் வருந்த வேண்டியதில்லை. அதை நூறு முறை கண்டுகொண்டான் அல்லவா!

மற்றொன்றும் நினைவில் நிற்க வேண்டும். மனம் அடங்கத் தொடங்கும்போது முதலில் தோன்றுவது அமைதியாக இராது. இளைப்பாற அமர்ந்த யாத்திரிகருக்கு, தம்பியின் மீதுள்ள வழக்கில் தமக்கு வெற்றி வேண்டுமென்று கேட்கவே மலையேறுகிறோம் என்பது திடீரெனத் தெரியலாம். அதை மறைக்காமல், தம்மைப் பழிக்காமல் பார்ப்பது கடினம். அங்கிருந்து எழுந்து விரைந்து நடந்துவிட்டால் கிடைப்பது வெறும் ஓய்வு. நின்று பார்த்தால் கேட்க வந்த வரமே மாறக்கூடும். வைராக்கியத்தின் தொடக்கம் இதுதான்.

இதற்கு மலையேறத்தான் வேண்டும் என்பதில்லை. காலையில் முகம் கழுவும்போது நீரின் குளிர்ச்சியை அறிதல், உண்ணும் முதல் கவளத்தைப் பேச்சின்றி உண்ணுதல், சினத்துடன் பதில் சொல்லுமுன் ஒரு மூச்சைக் கவனித்தல் ஆகிய மூன்றும் எந்த இல்லத்திலும் இயலும். கடும் மனச்சோர்வு உடையவர்கள் மருத்துவரின் சிகிச்சையை விடாமல், அதனுடன் இதையும் அவர் ஆலோசனைப்படி மேற்கொள்வது நன்று.

3,550 படிகளையும் ஒருசேர ஏறியவர் எவருமில்லை. அனைவரும் ஏறியது ஒரு நேரத்தில் ஒரு படிதான். அதை அறிந்து ஏறுபவருக்கு, மலையுச்சியில் தேடும் அமைதி வழியிலேயே கிட்டத் தொடங்குகிறது.