மாசி மாதத்து உறைபனியும் மேகங்களும்

தை மாதத்தின் பிற்பகுதியும் மாசி மாதமும் மலைப் பிரதேசங்களில் குளிரும் வெயிலும் மாறி மாறி வரும் காலமாகும். ஏறத்தாழ 7,300 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்தைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில், பகலில் நல்ல வெயில் காய்ந்திருந்தும் மறுநாள் விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடத்தல் உண்டு. மேகம் கவிந்த இரவுகளில் அவ்வெண்மை காணப்படுவதில்லை. ஒரே இரவில் ஒரு வயலின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப் போவதும், சற்று மேட்டிலுள்ள வயல் பழுதின்றி நிற்பதும் தற்செயலன்று. இதன் காரணத்தை அறிந்த குடியானவர், மாலையிலேயே இரவின் போக்கை ஓரளவு கணித்துத் தம் பயிரைக் காத்துக்கொள்ளலாம்.

உறைபனி உண்டாகும் விதம்

நிலமானது பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் ஆகாயத்தை நோக்கி வெளிவிடுகிறது. ஆகாயம் தெளிந்து, காற்று வறண்டு அசைவற்றிருப்பின் அவ்வெப்பம் தடையின்றிக் கழிந்துவிடும். அப்போது தரையும் இலைகளும் குளிர்ந்து, தம்மைத் தொட்ட காற்றையும் குளிரச் செய்கின்றன. இலையின் உஷ்ணம் 0 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே இறங்குமாயின், காற்றிலுள்ள நீராவி பனிக்கட்டித் துகளாக அதன்மேல் படிகிறது. இதுவே உறைபனி, இது வானத்திலிருந்து விழுவதன்று. ஆள் உயரத்தில் வைத்த உஷ்ணமானி 3 டிகிரி காட்டும்போதே தரையில் உறைபனி படியக்கூடும். இலைக்குள் இருக்கும் நீர் உறைவதாலேயே இளஞ்செடிகள் கருகுகின்றன.

குளிர்ந்த காற்று கனமுடையதாதலால், தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. பாசன வசதி கருதி நீர்ப்போகப் பயிர் நடப்படும் தாழ்ந்த வயல்களே இதனால் மிகுந்த ஆபத்துக்குள்ளாகின்றன.

மேகம் என்னும் போர்வை

மேகமென்பது நுண்ணிய நீர்த்துளிகளோ பனித்துகள்களோ இரண்டுமோ சேர்ந்த கூட்டமாகும். அது தரையின் வெப்பத்தை ஏற்று, அதில் ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. தாழப் பரவிய மேகம் கம்பளிக்கு ஒப்பாகும். மிக உயரத்தில் இழையிழையாகத் தோன்றும் கீற்று மேகமோ மெல்லிய துணிக்கே ஒப்பாகும். அதை நம்பிப் பயிரைக் காவாது விடலாகாது.

பனிமழை பெய்யாமைக்குக் காரணம்

காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும், மேற்கிலிருந்து வரும் காற்றுச்சுழல்களால் மாசி, பங்குனியிலும் பனிமழை பெய்வதுண்டு. குளிர்ந்த மேகத்தினுள் நீராவி அறுகோண வடிவத் துகள்களாக உறைந்து, கீழேயும் குளிர் இருந்தால் உருகாமல் தரையை அடைகிறது. தென்னாட்டு வானத்தில் நீர் உறையும் நிலை சுமார் 15,000 அடிக்கு மேலேயே உள்ளது. தொட்டபெட்டாச் சிகரமோ 8,652 அடியே. ஆகவே மேகத்தின் பனித்துகள்கள் வழியிலேயே உருகி மழையாகின்றன. அன்றியும், நீலகிரியில் கடுங்குளிர் இரவில் மேகம் இராது. மேகமுள்ள இரவில் கடுங்குளிர் இராது.

பங்குனி, சித்திரையில் விழும் ஆலங்கட்டி வேறு வகையினது. வெயிலால் எழும்பிய உயர்ந்த இடிமேகத்தினுள், மேல்நோக்கி வீசும் காற்று பனிக்கட்டியைத் தாங்கி நிற்க, அதன்மேல் நீர் அடுக்கடுக்காக உறைந்து பருத்து விழுகிறது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. மாலையில் வானம் தெளிந்து, காற்று அடங்கி, வறண்ட குளிர் தோன்றினால் அவ்விரவில் உறைபனியை எதிர்பார்க்க வேண்டும்.

2. முந்திய நாளே நிலத்துக்கு நீர் பாய்ச்சுதல் நலம். ஈர மண் பகல் வெப்பத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கும். அந்நாட்களில் மண்ணைக் கிளறுதலும், செடிகளுக்கிடையே தழை பரப்புதலும் ஆகா. அவை மண்ணின் வெப்பம் மேலெழுவதைத் தடுக்கும்.

3. நாற்றுகளையும் இளந்தேயிலைச் செடிகளையும் உலர்ந்த புல்லாலோ பெரணியாலோ மூடலாம்.

4. வயலின் தாழ்ந்த பக்கத்து வேலியில் இடைவெளி விட்டால் குளிர்காற்று தேங்காமல் வெளியேறும்.

5. தெளிப்பு நீர்க்கருவி உள்ளவர்கள் உஷ்ணம் 0 டிகிரிக்கு இறங்குமுன் தொடங்கி, காலையில் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தாது தெளிக்க வேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 காலரி வெப்பம் வெளிப்பட்டு இலையைக் காக்கிறது. இடையில் நிறுத்தினால் தெளிக்காமையினும் அதிகக் கேடு விளையலாம்.

6. புகை போடுவதால் பயன் சிறிதே. வெப்பம் கழிவதைப் புகை அதிகம் தடுப்பதில்லை.

7. கருகிய தேயிலைக் கிளைகளை உடனே கவ்வாத்துச் செய்யாமல், புதுத் துளிர் தோன்றியபின் உயிருள்ள பாகம் அறிந்து வெட்டுதல் தகும்.

கிராம அதிகாரிகள் உறைபனி படிந்த தேதியையும் வயல்களையும் ஆண்டுதோறும் குறித்து வருவார்களாயின், சில ஆண்டுகளில் அவ்வூரில் பனி தேங்கும் பள்ளங்கள் எவை என்பது தெளிவாகும். அப்பள்ளங்களில் நடவைச் சற்றுப் பின்தள்ளினாலே, விதைக்கிழங்குக்குச் செலவிட்ட பணம் ஓரிரவில் வீணாகாது.