எந்தத் தண்ணீர் என்று முதலில் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

பழனி ரோட்டு வீட்டு டிஷ்வாஷரைப் பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். ஏழு வருஷ மெஷின். தட்டெல்லாம் வெள்ளை பூத்து வருகிறது, தண்ணீர் சூடாவதில்லை. "ரிப்பேர் பார்க்கவா, புதுசு வாங்கச் சொல்லிடவாண்ணே?" என்கிறாய். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் மற்ற பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

மெஷினுக்குள் போவது எந்தத் தண்ணீர் என்று நீ சொல்லவே இல்லை. ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரா, காவிரிக் கூட்டுக்குடிநீரா, வீட்டு போரா? திண்டுக்கல்லில் இதைக் கேட்காமல் டிஷ்வாஷரின் ஸ்க்ரூவைக் கழற்றவே கூடாது. பாறைக்குள் இறங்கிய போர்களில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வருகின்றன. சூடு பட்டதும் அவை சுண்ணாம்பாகக் காயில்மேல் படியும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் காயிலிலேயே தங்கும். கடைசியில் காயில் அறுந்துபோகும். வீட்டுக்காரர் மெஷின் மட்டம் என்பார், நீயும் தலையாட்டிவிட்டுப் புதுசுக்கு எழுதிக் கொடுப்பாய். அதே பைப்பில் மாட்டினால் புதுசும் அப்படியேதான் போகும்.

உன் பையில் இருக்கும் டி.டி.எஸ். பேனாவை இந்த வேலைக்கு நம்பாதே. கரைந்திருப்பது எவ்வளவு என்று அது காட்டும், எது கரைந்திருக்கிறது என்று காட்டாது. கடினத்தன்மையைச் சொட்டுமருந்து கிட்டில்தான் பார்க்க வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்பது லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 600 வரை. சில கம்பெனிக் கையேடுகளில் மெஷினின் சாஃப்ட்னர் ஜெர்மன் கணக்கில் 50 பாகை வரை தாங்கும் என்று போட்டிருக்கும். ஒரு பாகை என்றால் 17.8 மில்லிகிராம், ஆக ஏறக்குறைய 890. அதற்குள் இருந்தால் மெஷினில் கடினத்தன்மை அளவைச் சரியாக வைத்து, டிஷ்வாஷர் உப்பு போட்டாலே பாதிப் புகார் போய்விடும். பல வீடுகளில் மெஷினின் உப்புக் குழியில் கல்லுப்புதான் கிடக்கும். தூத்துக்குடி உப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு, சமையலுக்கு. அதிலுள்ள மக்னீசியமும் அழுக்கும் சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசினுக்கு ஆகாது. பாக்கெட் பொடி உப்பில் அயோடினும் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் சரக்கும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

கண்ணாடி டம்ளரின் வெள்ளையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்துப் பார். போனால் சுண்ணாம்பு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்திருக்கிறது, மெஷினை நோண்டி அதைச் சரி செய்ய முடியாது.

நம்மூருக்கென்றே இன்னொரு சோதனை இருக்கிறது, அதைக் கம்பெனி டிரெயினிங்கில் சொல்ல மாட்டார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வரும் தோல், உப்புப் போட்டுப் பதப்படுத்தியது. அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் பல வருஷங்களாக நிலத்தடிக்குள் இறங்கியதால், அந்தப் பக்கத்துப் போர்களில் குளோரைடு அதிகம். சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வளவுதான் அதன் வேலை. குளோரைடு அப்படியே உள்ளே போய் எவர்சில்வர் தொட்டியைப் புள்ளிப் புள்ளியாகத் தின்னும். அதனால் டார்ச் அடித்துத் தொட்டியின் அடியையும் வெல்டிங் மூலைகளையும் விரல் நகத்தால் தடவு. வெள்ளைப் படிவம் என்றால் சிட்ரிக் ஆசிட் போட்டு ஓட்டினால் இறங்கும். பழுப்புப் புள்ளியில் நகம் மாட்டினால் தொட்டி போய்விட்டது. அந்த மெஷினில் ஒரு ரூபாய்கூடப் போடச் சொல்லாதே.

மற்றவை பெரும்பாலும் சின்ன விஷயம். தண்ணீர் வடியவில்லையா? வடிபம்பின் காற்றாடியில் எலும்புத் துணுக்கோ புளிக்கோதோ சிக்கியிருக்கும். ஸ்ப்ரே கையின் ஓட்டைகளில் கடுகு. பிரியாணி ஊரில் ஃபில்டரைத் திறந்தால் சீரகச் சம்பா இல்லாமல் இருக்காது. மெஷின் நின்றுபோய் வடிபம்பு மட்டும் ஓயாமல் ஓடினால், பல மாடல்களில் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை தூக்கியிருக்கும். சாய்த்துக் கொட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வருகிற மெக்கானிக்குகள் உண்டு. ஒழுகுவது எங்கே என்று பார்க்காமல் கிளம்பினால் அந்த வீட்டுக்காரர் உன்னை மறுபடி கூப்பிட மாட்டார். எலி கடித்த ஹோஸாகக்கூட இருக்கும். போர்டு போய்விட்டது என்று சொல்லுமுன் ஹீட்டர் ரிலேயின் காலைப் பார். ஈயம் கருகியிருந்தால் சால்டரிங் அயர்னே போதும்.

ரிப்பேர் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று ஒரு கணக்கு எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. நல்ல தண்ணீரில் ஓடும் நாலு வருஷ மெஷினுக்குப் பாதி விலை போட்டாலும் தகும். தொட்டி அரித்த மெஷினுக்குக் கால் பங்கும் வீண். ஸ்பேர் கிடைக்குமா என்பதையும் விசாரிக்காமல் வாக்குக் கொடுக்காதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் பம்பு, மோட்டார், ஹீட்டர் போன்றவற்றை 7 வருஷமும், கதவு ரப்பர், கூடை போன்றவற்றை 10 வருஷமும் கொடுத்தாக வேண்டும். இங்கே 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில் ஓர் இணையதளமும் தொடங்கியது. அப்படியொரு கட்டாயம் மட்டும் வரவில்லை. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நாம் போன் போட்டுக் கெஞ்சுவது அதனால்தான்.

ஆக, நாளைக்குப் போய்த் தொட்டியைத் தடவிப் பார். நல்லபடியாக இருந்தால் காயிலை மாற்றி, இன்லெட் போரில் இருந்தால் அதைக் கழற்றிக் குடிநீர்த் தொட்டி லைனில் மாட்டிக் கொடு. அரித்திருந்தால் புதுசு வாங்கச் சொல், போர் லைனாக இருந்தால் அதையும் மாற்றச் சொல். இரண்டில் எதுவானாலும் சோதித்ததற்கு உன் கூலியைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கு. புது மெஷினுக்கு ஆள் அனுப்பியதற்குக் கடைக்காரர் நீட்டும் கமிஷனை மட்டும் வாங்காதே. வாங்கினால், அதற்குப் பிறகு "மாத்திடுங்க" என்று நீ சொல்வதை நானே நம்ப மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்