செங்காந்தள்: மண்ணுக்குள் வாழும் மலர்

முக்கொம்பு மேலணைக்குச் செல்வோர், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் காட்சியைக் கண்டு மகிழ்வர். தாவரவியல் மாணவரின் கண்ணோ கரையோரப் புதர்களையும் வேலிகளையும் தேடும். நம் மாநில மலரான செங்காந்தள் விரும்பி வளரும் இடங்கள் அவையே.

இதன் தாவரவியற் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள செடியைப் பிடித்து ஏறும். பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்களும் மஞ்சளில் தொடங்கிச் சிவப்பாக மாறும். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும், கிழங்கு ஏர் போல் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு என்பர். படிக்காத எங்கள் வீட்டாருக்கு இதன் நஞ்சு தெரியும். அந்த நஞ்சே மருந்தும் ஆகும் என்பதை நான் வகுப்பில்தான் அறிந்தேன்.

அந்த நஞ்சு கால்சிசின் ஆகும். கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மருத்துவர் தரும் அளவில் கால்சிசின் 'கௌட்' எனும் மூட்டு நோயைத் தணிக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகளை இது தடுப்பதால், குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கவும் ஆய்வாளர்க்கு உதவுகிறது.

இதன் விதைக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் செங்காந்தளைப் பயிரிடுகின்றனர். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் மகரந்தம் சூல்முடியில் எளிதில் படாது. எனவே உழவர் காலை வேளையில் கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். நடவுக்கான கிழங்கோ பெரிதும் காடுகளிலும் வேலிகளிலும் தோண்டி எடுக்கப்பட்டு வந்தது. இங்கேதான் கேடு தொடங்குகிறது.

செங்காந்தள் பல்லாண்டுத் தாவரம். கோடையில் தண்டும் இலையும் பட்டுப்போகும். உயிர் கிழங்கில் உறங்கும். பூவைப் பறித்தால் அவ்வாண்டின் விதை மட்டுமே குறையும். அடுத்த மழைக்கு அது மீண்டும் துளிர்க்கும். கிழங்கைத் தோண்டினால் அவ்விடத்தில் அதன் வாழ்வே முடிந்துவிடும். கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அக்கிளை துளிர்க்காது.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியிருப்பதால், உலகப் பட்டியலில் செங்காந்தள் அழிவு அச்சம் குறைந்த இனமாகவே உள்ளது. ஆனால் அப்பட்டியல் நம் ஊர் வேலியைக் காக்காது. உயிர்வேலி போய்க் கம்பிவேலி வரும் இடமெல்லாம் காந்தள் தன் கொழுகொம்பை இழக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் முதலிடம் பெற்ற பூவுக்கா இந்நிலை?

நண்பர்களே, தாவரச் சேகரிப்புக்குச் செல்லும்போது ஒரு பூங்கிளை எடுத்தால் போதும். கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்க்கும் அது பூக்க வேண்டும்.